192 கிலோமீட்டர் வேகத்தில் மோதியவர் எழுந்து வந்தது எப்படி?

2020 நவம்பர் 29, பஹ்ரைனின் சாகிர் பந்தயத் தடம். ஃபார்முலா ஒன் பந்தயத்தின் முதல் சுற்றுகூட முடியவில்லை. மூன்றாவது வளைவைத் தாண்டி வெளியே வரும்போது ரொமான் குரோஜானின் கார் வலப்பக்கம் விலகியது. அதன் பின்சக்கரம் டானில் க்வியாட்டின் முன்சக்கரத்தில் பட்டது. அவ்வளவுதான், கார் நேராகத் தடத்தோர இரும்புத் தடுப்பை நோக்கிப் பாய்ந்தது. மோதும்போது வேகம் மணிக்கு 192 கி.மீ. கார் இரண்டாகப் பிய்ந்தது. முன்பாதி தடுப்பைத் துளைத்துக்கொண்டு உள்ளே செருகி நின்றது. அடுத்த கணம் தீப்பிழம்பு.

27 விநாடிகள் கழித்து அந்தத் தீக்குள்ளிருந்து குரோஜான் தானாக ஏறி வந்தார். இரண்டு புறங்கையிலும் தீக்காயம், ஒரு காலில் ஷூ இல்லை. எலும்பு எதுவும் முறியவில்லை.

மறுநாள் உலகம் முழுக்க இதை அதிசயம் என்று எழுதினார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. அதிர்ஷ்டமும் இருந்தது, மறுக்கவில்லை. ஆனால் அந்த 27 விநாடியில் அவரைக் காப்பாற்றிய ஒவ்வொன்றையும் யாரோ ஒருவர் உட்கார்ந்து யோசித்து, சோதித்து, சண்டை போட்டுக் கொண்டுவந்து வைத்திருக்கிறார். பலவற்றுக்குப் பின்னால் ஒரு மரணம் இருக்கிறது. அவை எப்படி வேலை செய்கின்றன என்பதை ஒவ்வொன்றாகப் பார்ப்போம். பந்தயம் பற்றி முன்பின் தெரியாதவர்களுக்கும் புரியும்.

முதலில் கார். ஃபார்முலா ஒன், இண்டிகார், ஃபார்முலா 4 எல்லாம் சக்கரம் வெளியே தெரிகிற வகை. நம் சாலைக் கார் மாதிரி சக்கரத்தை மூடிய தகடு கிடையாது, தலைக்கு மேல் கூரையும் கிடையாது. இதில் இரண்டு ஆபத்துகள் கூடவே வருகின்றன. ஒரு காரின் சக்கரம் இன்னொன்றின் சக்கரத்தில் ஏறினால், சுழலும் டயர் பின்னால் வரும் காரை மேலே தூக்கி எறிந்துவிடும். அப்புறம், ஓட்டுநரின் தலை திறந்த வெளியில் இருக்கிறது. பறந்து வருகிற எதுவும் அதில் படலாம்.

சரி, மோதலுக்கு வருவோம். வேகம் மட்டும் யாரையும் கொல்வதில்லை. விமானத்தில் மணிக்கு 900 கி.மீ. வேகத்தில் உட்கார்ந்து காபி குடிக்கிறோம். எவ்வளவு தூரத்துக்குள் நிற்கிறோம் என்பதில்தான் உயிர் இருக்கிறது. கிரிக்கெட்டில் வேகமாக வரும் பந்தைப் பிடிப்பவர் கையைப் பின்னால் இழுத்துக்கொண்டே பிடிப்பார். கையை விறைப்பாக வைத்தால் விரல் போய்விடும். பந்தின் வேகம் ஒன்றுதான், நிற்பதற்குக் கொடுத்த இடம் வேறு.

இதைக் கணக்காகவும் போட்டுப் பார்க்கலாம், சுலபம்தான். மணிக்கு 192 கி.மீ. வேகம் வர ஒருவர் எவ்வளவு உயரத்திலிருந்து விழ வேண்டும்? காற்றின் தடையை விட்டுவிட்டால், ஏறத்தாழ 145 மீட்டர். அந்த உயரத்தை, நிற்பதற்குக் கிடைக்கும் தூரத்தால் வகுத்தால் உடம்பின் மீது விழும் சராசரி விசை எத்தனை 'ஜி' என்று கிடைத்துவிடும். ஒரு ஜி என்பது நம் எடை அளவு விசை. ஒரு மீட்டரில் நின்றால் 145 ஜி. மூன்று மீட்டர் கிடைத்தால் 48 ஜி. அரை மீட்டர்தான் என்றால் 290 ஜி. பந்தயக் காரின் பாதுகாப்பில் பெரும்பகுதி இந்த ஒரு வகுத்தலில் கீழே இருக்கும் எண்ணைப் பெரிதாக்கும் முயற்சிதான்.

இந்தக் கணக்கை உடம்பாலேயே நிரூபித்த ஒருவர் இருக்கிறார். டேவிட் பர்லி என்ற ஆங்கிலேயர். 1977இல் சில்வர்ஸ்டோனில், பிரிட்டிஷ் கிராண்ட் பிரீக்கு முந்தைய தகுதிச் சுற்றில் அவருடைய காரின் ஆக்ஸிலரேட்டர் திறந்தபடியே சிக்கிக்கொண்டது. மணிக்கு 173 கி.மீ. வேகத்திலிருந்து பூஜ்ஜியத்துக்கு வர அவருக்குக் கிடைத்தது 66 சென்டிமீட்டர். அவர் தாங்கியதாகக் கணக்கிடப்பட்ட விசை 179.8 ஜி. மேலே சொன்ன வகுத்தலில் நீங்களே போட்டுப் பாருங்கள். 173 கி.மீ. வேகத்துக்கு உயரம் சுமார் 118 மீட்டர். அதை 0.66ஆல் வகுத்தால் கிட்டத்தட்ட அதே எண்தான் வரும். கால், இடுப்பு, விலா எலும்புகள் நொறுங்கின. பிழைத்தார், பின்னால் திரும்பவும் பந்தயம் ஓட்டினார்.

பர்லியைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். 1973இல் நெதர்லாந்தின் சான்ட்வோர்ட் தடத்தில் ரோஜர் வில்லியம்சனின் கார் கவிழ்ந்து எரிந்தது. தன் காரை நிறுத்திவிட்டு ஓடியவர் பர்லி ஒருவர்தான். தனி ஆளாக அந்தக் காரை நிமிர்த்தப் பார்த்தார், ஒரே ஒரு தீயணைப்பானால் தீயை அணைக்கப் பார்த்தார். அங்கிருந்த பணியாளர்களுக்குத் தீயைத் தாங்கும் உடை இல்லை, அவர்களால் கிட்டே நெருங்க முடியவில்லை. மற்ற கார்கள் பக்கத்திலேயே ஓடிக்கொண்டிருந்தன. வில்லியம்சன் உள்ளேயே இறந்தார். பர்லிக்கு வீரச் செயலுக்கான ஜார்ஜ் பதக்கம் கொடுத்தார்கள். அந்தப் படங்களைப் பார்த்த எவருக்கும், பந்தயப் பாதுகாப்பு பற்றிய பேச்சு வெறும் தொழில்நுட்பப் பேச்சாகத் தோன்றாது.

ஜி பற்றி ஒரு குழப்பத்தை இங்கேயே தீர்த்துவிடலாம். குரோஜான் தாங்கியது 67 ஜி என்று பதிவானது. 2003இல் அமெரிக்காவின் டெக்ஸஸ் ஓவல் (முட்டை வடிவ) தடத்தில் கென்னி பிராக்கின் இண்டிகார் பறந்து வேலியில் மோதியபோது காரின் கருவி காட்டியது 214 ஜி. இவையெல்லாம் உச்ச அளவுகள், கண்ணிமைப்பதற்குள் வந்து போகிறவை. அதே விசை ஒரு விநாடி முழுக்க நீடித்தால் யாரும் பிழைக்க மாட்டார்கள். 1954இல் அமெரிக்க விமானப்படையின் ஜான் பால் ஸ்டாப் என்ற மருத்துவர், ராக்கெட் பூட்டிய வண்டியில் தன்னையே கட்டிக்கொண்டு மணிக்கு 1000 கி.மீ.க்கு மேல் பாய்ந்து, ஒன்றரை விநாடிக்குள் நின்றார். உச்சம் 46.2 ஜி. கண்ணின் ரத்தக்குழாய்கள் வெடித்து ரத்தம் கட்டியது, பிறகு சரியானது. எவ்வளவு விசை என்பதோடு எவ்வளவு நேரம், எந்தத் திசையில், உடம்பு எப்படிக் கட்டப்பட்டிருக்கிறது என்பதெல்லாம் சேர்ந்துதான் உயிர் இருப்பதைத் தீர்மானிக்கின்றன. பிராக்குக்கு மார்பெலும்பு, தொடையெலும்பு, முதுகெலும்பு, கணுக்கால்கள் எல்லாம் முறிந்தன. 2005இல் இண்டியானாபொலிஸ் 500 பந்தயத்துக்குத் திரும்பி வந்தார்.

நிற்கும் தூரத்தைக் கூட்டுவதற்குக் காரின் பெரும்பகுதி நொறுங்க வேண்டும். நொறுங்கும் ஒவ்வொரு துண்டும் கொஞ்சம் ஆற்றலை வாங்கிக்கொள்கிறது. மூக்குப்பகுதி வரிசையாகப் பொடியாகும்படி செய்யப்பட்டது. பக்கவாட்டிலும் பின்னாலும் அப்படித்தான். டிவியில் பார்க்கும்போது கார் சுக்குநூறாகச் சிதறினால் நமக்குப் பதறுகிறது. உண்மையில் அது நல்ல அறிகுறி. 2007இல் மொன்ட்ரியாலில் ராபர்ட் குபிட்சாவின் கார் சுவரில் மோதி, சக்கரங்கள் தெறித்து, உருண்டு, எதிர்ப்பக்கத் தடுப்புவரை போய் விழுந்தது. பதிவான உச்சம் 75 ஜி. அவருக்கு லேசான மூளை அதிர்ச்சி, கணுக்கால் சுளுக்கு. டாக்டர்கள் தடுத்ததால் அடுத்த ஒரு பந்தயத்தை விட்டார். அந்த ஒரு வாய்ப்பில் முதன்முதலாக ஃபார்முலா ஒன்னில் ஓடிய பையன் செபாஸ்டியன் வெட்டல்.

ஆனால் ஒன்று மட்டும் நொறுங்கவே கூடாது. ஓட்டுநர் உட்கார்ந்திருக்கும் கூடு. கார்பன் ஃபைபரால் ஆனது. 1981இல் ஜான் பர்னார்ட் வடிவமைத்த மெக்லாரன் காரில்தான் முழுக் கூடும் கார்பன் ஃபைபரால் செய்யப்பட்டு வந்தது. இது கண்ணாடி மாதிரி உடைந்துவிடும் என்று பலர் பயந்தார்கள். அதே வருடம் மோன்ஸாவில் ஜான் வாட்சனின் கார் மோதிப் பின்பாதியே கழன்றது. வாட்சன் நடந்து வந்தார். அதன்பின் மற்ற அணிகளும் கார்பன் ஃபைபருக்கு மாறின. நம் கோயம்புத்தூர் நரேன் கார்த்திகேயனும் 2005இல் ஷாங்காயில் ஜோர்டான் காரைத் தடுப்பில் பலமாக மோதிவிட்டுக் காயமில்லாமல் இறங்கினார். குரோஜானின் கூடும் இரும்பைத் துளைத்துப் போயும் உடையவில்லை. எஞ்சின் பகுதி பிய்ந்து தனியே போனது, கூடு முழுசாக இருந்தது.

கூடு உடையாவிட்டாலும் உள்ளே இருப்பவர் பறக்கக் கூடாதல்லவா? ஆறு இடங்களில் பூட்டும் பெல்ட் உடம்பை இருக்கையோடு இறுக்கிப் பிடிக்கிறது. இங்கேதான் ஒரு சிக்கல் ரொம்ப நாள் கவனிக்கப்படாமல் இருந்தது. உடம்பு நின்றுவிட்டது, தலை நிற்கவில்லை. ஹெல்மெட்டோடு சேர்த்துத் தலை ஆறு, ஆறரை கிலோ என்று வைத்துக்கொள்ளுங்கள். 67 ஜியில் அது 400 கிலோவுக்கு மேல் கழுத்தை முன்னால் இழுக்கும். மண்டையோட்டின் அடிப்பகுதி, கழுத்தோடு சேரும் இடத்தில் முறியும். அப்படி முறிந்தால் பெரும்பாலும் அங்கேயே உயிர் போய்விடும். 1994 ஏப்ரல் 30 அன்று இமோலாவில் ரோலண்ட் ராட்சன்பெர்கர் இறந்தது இதனால்தான். மறுநாள் அதே தடத்தில் அயர்ட்டன் சென்னா இறந்தார். சென்னாவைப் பற்றி எல்லோரும் பேசுகிறார்கள், ராட்சன்பெர்கரை மறந்துவிடுகிறார்கள். அது எனக்கு எப்போதும் வருத்தம் தருகிற விஷயம்.

இதற்கான மருந்து அப்போதே இருந்தது என்பதுதான் கொடுமை. அமெரிக்காவில் உடலியக்கப் பேராசிரியர் ராபர்ட் ஹப்பர்டும் அவருடைய மைத்துனரான பந்தய ஓட்டுநர் ஜிம் டவுனிங்கும் எண்பதுகளிலேயே ஒரு கருவி செய்திருந்தார்கள். அவர்களுடைய நண்பர் ஒருவர் 1981இல் இதேபோன்ற காயத்தில் இறந்ததுதான் தூண்டுதல். பெயர் ஹான்ஸ். தோளில் மாட்டும் ஒரு விறைப்பான காலர். பெல்ட் அதன்மேல் ஏறி அதை அழுத்திப் பிடித்திருக்கும். காலரிலிருந்து ஹெல்மெட்டுக்கு இரண்டு பக்கமும் ஒவ்வொரு பட்டை. தலை முன்னால் போகும்போது இந்தப் பட்டை பிடித்துக்கொள்ளும், இழுப்பு கழுத்துக்குப் போகாமல் பெல்ட்டுக்குப் போகும். பார்க்க எளிமையான சாமான். அசௌகரியமாக இருக்கிறது என்று பல ஓட்டுநர்கள் தட்டிக்கழித்தார்கள். ஃபார்முலா ஒன்னில் கட்டாயமானது 2003இல்தான்.

அடுத்தது ஹேலோ. ஓட்டுநரின் தலையைச் சுற்றி வளையமாகப் போய், முன்னால் ஒற்றைத் தூணில் நிற்கிறதே, அது. டைட்டேனியத்தால் ஆனது, எடை சுமார் 7 கிலோ. மேலிருந்து 12 டன் அழுத்தினாலும் தாங்க வேண்டும் என்பது சோதனை. 2009இல் ஹென்றி சர்ட்டீஸ் என்ற 18 வயது இளைஞர், இன்னொரு காரிலிருந்து கழன்று வந்த சக்கரம் தலையில் பட்டு இறந்தார். ஆறே நாளில் ஹங்கேரியில் முன்னால் போன காரிலிருந்து விழுந்த ஒரு சுருள்வில் ஃபெலிப்பே மாஸாவின் ஹெல்மெட்டில் அடித்தது, மண்டையோடு முறிந்தது. இப்படி ஒவ்வொன்றாகச் சேர்ந்துதான் 2018இல் ஹேலோ கட்டாயமானது. அசிங்கமாக இருக்கிறது, திறந்த கார் என்கிற பாரம்பரியமே போச்சு என்று ரசிகர்கள் கொதித்தார்கள். எதிர்த்த ஓட்டுநர்களில் குரோஜானும் ஒருவர்.

அவர் கார் துளைத்துப் போன தடுப்பில் மூன்று இரும்புப் பட்டைகள் ஒன்றன்மேல் ஒன்றாக இருந்தன. நடுப்பட்டை அறுந்தது. மேல்பட்டை அவர் தலை இருக்கும் உயரத்தில் இருந்தது. ஹேலோ அதை முட்டித் தள்ளியது. அது இல்லாவிட்டால் அந்த இடத்தில் முட்டியிருப்பது அவர் தலை. மருத்துவமனைப் படுக்கையிலிருந்தே, முன்பு இதை வேண்டாம் என்றவன் நான், இது இல்லாவிட்டால் இன்று உங்களிடம் பேசிக்கொண்டிருக்க மாட்டேன் என்று வீடியோவில் சொன்னார். இப்போது கீழ்மட்டப் பந்தயங்களிலும் ஹேலோ வந்துவிட்டது. 2024இல் சென்னைத் தீவுத்திடலைச் சுற்றி ஓடிய ஃபார்முலா 4 கார்களில் நீங்களே பார்த்திருப்பீர்கள்.

அப்புறம் தீ. எரிபொருள் டேங்க் ஓட்டுநரின் முதுகுக்குப் பின்னாலேயே இருக்கிறது. அது உலோக டேங்க் இல்லை. கெவ்லார் நாரும் ரப்பரும் சேர்ந்த பை, அமுங்கும், கிழியாது. ராணுவ விமானங்களிலிருந்து வந்த யோசனை. இந்தப் பை வந்தபிறகு பந்தயத்தில் பெரும் தீ என்பது அபூர்வமாகிவிட்டது. பஹ்ரைனில் எப்படிப் பற்றியது? விசாரணை அறிக்கை தெளிவாகச் சொல்கிறது: டேங்கைச் சோதிக்கக் கூட்டின் இடப்பக்கம் வைத்திருந்த மூடி கழன்றுவிட்டது, எஞ்சினுக்கு எரிபொருள் போகும் இணைப்பு பையிலிருந்து பிய்ந்துவிட்டது. முதல் சுற்று என்பதால் எரிபொருளும் அதிகம்.

அந்த 27 விநாடியைக் கொஞ்சம் நெருங்கிப் பாருங்கள். தலைக்கு அணைப்பாக இருக்கும் மெத்தை கழன்று குறுக்கே கிடக்கிறது. ஸ்டியரிங் வழியில் இருக்கிறது. இடது கால் மாட்டிக்கொண்டது. அதை இழுக்கிறார், ஷூ உள்ளேயே நிற்கிறது, கால் மட்டும் வருகிறது. ஹேலோவுக்கும் தடுப்புக்கும் நடுவே உள்ள இடைவெளியில் உடம்பை நுழைக்க வேண்டும். சாதாரண நிலையில் ஒவ்வொரு ஓட்டுநரும் ஏழு விநாடிக்குள் காரைவிட்டு வெளியே வந்து காட்டியாக வேண்டும், சோதனை வைப்பார்கள். இங்கே அதைப் போல நான்கு மடங்கு ஆனது. அத்தனை நேரமும் தாக்குப்பிடித்தது உடை. எரியாத அராமிட் நாரில் உள்ளாடை, முகமூடித் துணி, அதன்மேல் பல அடுக்கு மேலுடை. இதற்குப் புதிய, கடுமையான தரம் அந்த 2020 சீசனில்தான் ஃபார்முலா ஒன்னுக்கு வந்திருந்தது. கையில் தீக்காயம் பட்டதற்குக் காரணம், கையுறை மெல்லியது. ஸ்டியரிங்கின் ஒவ்வொரு அசைவும் விரலுக்குத் தெரிய வேண்டுமே, தடிமனாகச் செய்ய முடியாது.

இதே தீயில் வெளியே யாரும் இல்லாமல் இருந்திருந்தால்? மோதிய 11 விநாடியில் மருத்துவக் கார் அங்கே நின்றது. டாக்டர் இயன் ராபர்ட்ஸ் இறங்கித் தீயை நோக்கி நடந்தார். ஓட்டுநர் ஆலன் வான் டெர் மெர்வே தீயணைப்பானை எடுத்தார். எப்படி அவ்வளவு சீக்கிரம் வந்தார்கள்? ஒவ்வொரு பந்தயத்திலும் முதல் சுற்றில் மருத்துவக் கார் கூட்டத்தின் பின்னாலேயே ஓடும். இந்த வழக்கம் 1978இல் மோன்ஸாவிலிருந்து வருகிறது. அங்கே தொடக்க விபத்தில் ரோனி பீட்டர்சனின் கால்கள் நொறுங்கின. சக ஓட்டுநர்கள் அவரைத் தீயிலிருந்து இழுத்துப் போட்டார்கள், ஆனால் ஆம்புலன்ஸ் வருவதற்குக் கால்மணி நேரத்துக்கும் மேலானது. மறுநாள் காலை இறந்தார். அந்த வருடம்தான் பந்தய மருத்துவராகப் பொறுப்பேற்றிருந்த சிட் வாட்கின்ஸ், இனிமேல் முதல் சுற்றில் தன் கார் பின்தொடர வேண்டும் என்று பிடிவாதமாக நின்றார். அந்தப் பிடிவாதம் 42 வருடம் கழித்துப் பஹ்ரைனில் ஒருவருக்கு உதவியது.

அதற்கும் முந்திய காலம் இன்னும் மோசம். 1966இல் ஸ்பாவில் மழையில் தடம்விட்டு விழுந்த ஜாக்கி ஸ்டூவர்ட், பெட்ரோலில் நனைந்தபடி கிட்டத்தட்ட 25 நிமிடம் காருக்குள் சிக்கிக் கிடந்தார். ஸ்டியரிங்கைக் கழற்ற ஸ்பானர்கூட இல்லை. பார்வையாளர் ஒருவரின் கருவிப்பெட்டியிலிருந்து வாங்கினார்கள். அதன்பிறகு ஸ்டூவர்ட் ஸ்டியரிங்கிலேயே ஒரு ஸ்பானரை ஒட்டிவைத்துக்கொண்டு ஓட்டினார். பாதுகாப்புக்காகக் குரல் கொடுத்ததற்குக் கோழை என்ற பட்டம் வேறு வாங்கினார். மூன்று முறை உலக சாம்பியன் அவர்.

தடத்தின் சுவரும் காரைப் போலவே வேலை செய்ய வேண்டும். கான்கிரீட் சுவரை மட்டும் நம்பிய அமெரிக்க ஓவல் தடங்களில், நெப்ராஸ்கா பல்கலைக்கழகத்தின் டீன் சிக்கிங் குழு ஒரு தீர்வு கண்டது. சுவருக்கு முன்னால் எஃகுக் குழாய்ச் சுவர், இரண்டுக்கும் நடுவே நுரைக் கட்டைகள். கார் மோதினால் எஃகு பின்வாங்கும், நுரை அமுங்கும், நிற்கும் தூரம் கூடும். 2002இல் முதலில் இண்டியானாபொலிஸில் வந்தது. இந்த வகையில் பார்த்தால் பஹ்ரைனில் தோற்றது கார் இல்லை, தடுப்புதான். இரும்புப் பட்டை காரைத் தடம் பக்கமாக வழுக்கிவிட வேண்டியது, வாயைத் திறந்து உள்ளே விட்டுவிட்டது. குரோஜான் தப்பித்ததைக் கொண்டாடும்போது இதையும் சொல்லியாக வேண்டும் என்று நினைக்கிறேன்.

2022இல் சில்வர்ஸ்டோனில் சோ குவான்யுவின் கார் தலைகீழாகத் தடத்தில் உராய்ந்துகொண்டே போய், டயர் சுவரைத் தாண்டிக் கம்பிவேலிக்கும் சுவருக்கும் நடுவே விழுந்தது. தலைக்குப் பின்னால் இருக்கும் உருளல் வளையம் தரையில் பட்டதுமே உடைந்துவிட்டது. தாங்கியது ஹேலோ. ஒரு பாதுகாப்பு கைவிட்டால் இன்னொன்று இருக்க வேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் இல்லை. அடுத்த வருடமே வளையத்தின் உச்சி மண்ணைக் குத்தாதபடி உருண்டையாக இருக்க வேண்டும், இன்னும் கடுமையான சோதனைகளைத் தாங்க வேண்டும் என்று விதி மாறியது.

காரால் தீர்க்கவே முடியாத விபத்தும் உண்டு. 2014 அக்டோபர் 5, சுசுகா, மழை. இன்னொரு காரைத் தூக்க வந்திருந்த கிரேன் வண்டிக்கு அடியில் ஜூல்ஸ் பியான்கியின் கார் மணிக்கு 126 கி.மீ. வேகத்தில் போய்ச் செருகியது. 700 கிலோ கார், 6500 கிலோ கிரேன். இந்த மோதலில் ஓட்டுநருக்கு மேல் எந்த மூடி போட்டாலும் பலன் இல்லை என்று விசாரணைக் குழு சொன்னது. ஒன்பது மாதம் சுயநினைவு திரும்பாமலே 2015 ஜூலையில் பியான்கி இறந்தார். அதன்பிறகு, ஆபத்து நேரத்தில் எல்லாக் கார்களும் ஒரே சமயம் வேகம் குறைக்க வேண்டும் என்ற 'விர்ச்சுவல் சேஃப்டி கார்' விதி வந்தது. சரியான தீர்வு அதுதான். கார் ஓடும் இடத்தில் கிரேன் இருக்கக் கூடாது, இருந்தால் கார் வேகமாக வரக் கூடாது.

2022 அக்டோபரில் அதே சுசுகா, அதே போன்ற மழை. முதல் சுற்றில் கார்லோஸ் சைன்ஸ் தடுப்பில் மோதி நின்றார். கூட்டத்துக்குப் பின்தங்கி வந்துகொண்டிருந்த பியர் காஸ்லிக்கு, முன்னால் தெறிக்கும் தண்ணீரில் எதுவும் தெரியவில்லை. திடீரென்று பக்கத்தில் தடத்தின் மேலேயே ஒரு மீட்பு வண்டி. உரசாமல் கடந்தார். ரேடியோவில் அவர் கத்தியது கோபம் மட்டுமில்லை, பியான்கி அவருடைய நாட்டுக்காரர். அந்த வானிலையில் மீட்பு வண்டியைத் தடத்துக்குள் விட்டது உசிதமில்லை என்று பின்னர் ஆய்வறிக்கை ஒப்புக்கொண்டது. அதுபோன்ற வண்டி தடத்தில் இருந்தால் எல்லா அணிகளுக்கும் உடனே தகவல் போக வேண்டும் என்ற நடைமுறையும் அதற்குப் பிறகுதான் வந்தது.